காமராஜரும் வெள்ளி நாணயமும்

2003-ஆம் ஆண்டில் காமராஜர் பிறந்து நூறாண்டு நிறைந்தது. அவ்வாண்டில் இந்திய சர்க்கார் அவருடைய உருவம் பொறித்த நாணயங்கள் இரண்டை வெளியிட்டனர். ஒன்று, கடைத்தெருவில் கைமாறும் ஐந்து ரூபாய். மற்றொன்று, பேழையில் வைத்துப் போற்றப்படும் நூறு ரூபாய் வெள்ளி நாணயம். அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்னரே, 1976-இல், பாரத ரத்னம் என்னும் தேசத்தின் தலையாய விருது அவருக்கு அளிக்கப்பெற்றிருந்தது. விருது வந்தபோது அவர் உயிரோடில்லை. நாணயம் வந்தபோது அவரை நேரிற் கண்டவர்களே அருகிவிட்டனர். வாழ்நாளில் தமக்கென ஒரு காசும் சேர்த்துவைக்காத மனிதரின் முகம் இப்படியாகக் காசில் ஏறிற்று. இவ்விரண்டு மரியாதைகளுக்கும் பின்னால் நிற்கும் வாழ்க்கையை இளந்தலைமுறையினர் அரைகுறையாகவே அறிந்திருக்கின்றனர் என்பது நமது எண்ணம். ஆகவே அதனைச் சிறிது விரிவாக எடுத்துரைப்பது பயனுடைத்து.

முதலில் நாணயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் எடை 35 கிராம். குறுக்களவு 44 மில்லிமீட்டர். வெள்ளி நாணயம் என்று வழங்குகிறோமாயினும் அதில் வெள்ளி சரிபாதியே. எஞ்சிய பாதியில் செம்பு 40 பங்கும், நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து பங்கும் கலந்திருக்கின்றன. இக்கலவைக்கு ஒரு பழங்கதை உண்டு. ஆங்கிலேயர் காலத்து ரூபாய் ஒரு தோலா எடையுள்ளது. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. உலக யுத்தம் மூண்டபின், 1940-இல், ஆங்கில சர்க்கார் அவ்வெள்ளியைப் பாதியாகக் குறைத்தனர். அப்போது அவர்கள் வகுத்த கலவை வெள்ளி 50, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. அதே 1940-ஆம் ஆண்டின் இறுதியில்தான் அதே சர்க்கார் காமராஜரைப் பிடித்து வேலூர்ச் சிறையில் அடைத்தனர். அவர் சிறையில் இருந்த காலத்தில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலையைத் தாங்கி நின்ற கலவையே, அறுபதாண்டுகள் கழித்து, கைதியாயிருந்தவரின் தலையைத் தாங்கிற்று. நாணயசாலையார் இதனை நினைத்துச் செய்திருக்க மாட்டார்கள். ஆயினும் சரித்திரம் சிற்சில வேளைகளில் இத்தகைய விளையாட்டுகளை விளையாடுகிறது.

சுதந்திர இந்தியாவில் தலைவர்களின் நினைவாக நாணயம் அடிக்கும் வழக்கம் 1964-இல் ஜவாஹர்லால் நேரு மறைந்தபோது தொடங்கிற்று. 1969-இல் காந்தியடிகளின் நூற்றாண்டுக்கு நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி கொண்ட பத்து ரூபாய் நாணயம் வந்தது. காமராஜரின் நாணயம் அவ்வரிசையைச் சேர்ந்தது. சட்டப்படி அது நூறு ரூபாய்க்குச் செல்லும் பணந்தான்; ஆனால் நாணயசாலையார் அதனைக் குறித்த மதிப்பினும் அதிக விலைக்கே விற்பதால் எவரும் அதனைக் கொடுத்து அரிசி வாங்குவதில்லை. செல்லும், ஆனால் செல்லாது. வழக்கறிஞர்களுக்கு மிகவும் பிடித்தமான நிலைமை!

நிற்க. காமராஜர் 1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி விருதுபட்டியில் பிறந்தார். இன்றைய விருதுநகரே அது. ஏழாம் எட்வர்டு மன்னரின் தலை பொறித்த ரூபாய் முதன்முதல் வெளிவந்ததும் அதே 1903-இல்தான். தந்தையார் குமாரசாமி நாடார் தேங்காய் வியாபாரி. தாயார் சிவகாமி அம்மாள். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று அழைக்கப்பெற்ற குழந்தையை அன்னை ராஜா என்று கொஞ்சுவாள். இரண்டும் சேர்ந்து காமராஜா என்றாயிற்று. சிறு பிராயத்திலேயே தந்தை காலமானார். விதவையான தாய் தன் நகைகளை விற்று, அத்தொகையை ஒரு வியாபாரியிடம் வட்டிக்குக் கொடுத்துவைத்து, வந்த வட்டியைக் கொண்டு இரண்டு மக்களை வளர்த்தாள். க்ஷத்திரிய வித்தியாசாலையில் ஆறாம் வகுப்பளவில் படிப்பு நின்றது. மாமன் துணிக்கடையில் வேலை தொடங்கிற்று. பின்னாளில் லட்சக்கணக்கான பிள்ளைகளின் படிப்புக்கு வழி திறந்தவருக்குத் தம் படிப்பைத் தொடர வழியில்லை. இதை நாம் இரக்கத்தோடு சொல்லவில்லை. காரணத்தைச் சுட்டவே சொல்கிறோம். பசியால் பள்ளியை விட்ட பிள்ளையின் நிலைமையைக் கமிட்டி அறிக்கைகளில் படித்து அறிய வேண்டிய அவசியம் அவருக்கு நேரவில்லை.

1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்தது. அச்செய்தி தேசத்தின் இளைஞர் பல்லாயிரவரைப் போலவே துணிக்கடைப் பையனையும் சுட்டது. கடையில் உட்கார மனமின்றிப் பொதுக்கூட்டங்களை நாடி ஓடினார். பையனின் போக்கைக் கண்டு கலங்கிய உறவினர்கள், ஊரைவிட்டு அகற்றினால் புத்தி திரும்பும் என்று கருதி, திருவனந்தபுரத்தில் இருந்த மற்றொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பினர். அவரோ வைக்கம் சத்தியாக்கிரகத்தில் போய்ச் சேர்ந்தார். நெருப்புக்கு அஞ்சி அடுப்பில் ஒளித்துவைத்த கதையாயிற்று. நாகபுரிக் கொடிப் போராட்டம், சென்னையில் நீல் சிலையை அகற்றக் கோரிய கிளர்ச்சி ஆகியவற்றிலும் அவருடைய ஈடுபாடு வளர்ந்தது. 1930-இல் வேதாரணியம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு இரண்டாண்டுத் தண்டனை பெற்றார். அலிப்புரம் சிறை அவருக்கு முதற் சிறை. காந்தி-இர்வின் ஒப்பந்தத்தின் பயனாக 1931-இல் வெளிவந்தார்; 1932-இல் மீண்டும் உள்ளே சென்றார். ஆறு முறையாக அவர் சிறையில் கழித்த நாட்களைக் கூட்டினால் 3000-க்கு மேலாகிறது.

இவற்றுள் 1933-ஆம் ஆண்டு வழக்கு தனியே குறிப்பிடத்தக்கது. விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகளில் வெடிகுண்டு வீசப்பட்டதாகப் போலீஸார் தொடுத்த வழக்கில் காமராஜரையும் சேர்த்தனர். அகிம்சையையே ஆயுதமாகக் கொண்ட ஒரு தொண்டரை வெடிகுண்டு வழக்கில் இழுப்பதன் நோக்கம் என்ன? சத்தியாக்கிரகக் கைதி சில மாதங்களில் வெளிவந்துவிடுவான். வெடிகுண்டு வழக்கில் தண்டனை அடைந்தவன் வாழ்நாளின் பெரும்பகுதியை இழப்பான். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பும் அவருக்காக வாதாடினர். குற்றச்சாட்டு நிலைக்கவில்லை, அவர் விடுதலையானார். ஜார்ஜ் ஜோசப்பைப் போன்ற வக்கீல்கள் அன்று பீஸ் என்னும் சொல்லையே மறந்து கோர்ட்டுகளில் நின்றிராவிடில், தமிழ்நாட்டின் பிற்காலச் சரித்திரம் வேறாகியிருக்கும். வக்கீல் தொழிலை வசைபாடுவோர் இதனையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்களாக.

அவருக்கு அரசியல் ஆசானாக அமைந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. ஒருவர் ஆங்கிலத்திலும் தமிழிலும் மேடையை அதிரச்செய்யும் நாவலர். மற்றவர் அளந்து பேசும் தொண்டர். 1936-இல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவரானபோது காமராஜர் காரியதரிசியானார். 1937-இல் சாத்தூரிலிருந்து சட்டசபைக்குப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1940-இல் தலைவர் தேர்தலில் மிகச் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் காமராஜர் வென்றார். அப்போது ஆசான் சீடருக்குக் காரியதரிசியாய் அமர்ந்து வேலை செய்தார். இத்தகைய காட்சியை இன்று எந்தக் கட்சியிலேனும் காட்ட இயலுமா? சத்தியமூர்த்தி 1943-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் காலமானார். சுதந்திரத்தைக் காணும் பாக்கியம் அவருக்கு வாய்க்கவில்லை. 1947 ஆகஸ்டு 15-ஆம் தேதி காமராஜர் சத்தியமூர்த்தியின் இல்லத்துக்குச் சென்று அங்கே தேசியக் கொடியை ஏற்றினார்.

1940 டிசம்பரில் தனிநபர் சத்தியாக்கிரகத்துக்குரியோர் பட்டியலுக்குக் காந்தியடிகளின் சம்மதம் பெற வார்தாவுக்குப் பிரயாணமாகிக் கொண்டிருந்தபோது அவர் வழியிலேயே கைது செய்யப்பட்டார். வேலூர்ச் சிறையில் இருக்கையில் விருதுநகர் நகரசபையினர் அவரைத் தங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். விடுதலையானதும் ஊருக்குச் சென்று பதவியை ஏற்றார். உடனே ராஜினாமாவும் செய்தார். முழுமையாகக் கடமையாற்ற இயலாத பதவியில் பெயரளவுக்கு அமர்ந்திருப்பது முறையன்று என்பது அவர் கொள்கை. 1942 ஆகஸ்டில் பம்பாய்த் தீர்மானத்துக்குப்பின் திரும்பிய அவரைச் சென்னை ரயில் நிலையத்தில் பிடிக்கப் போலீஸார் காத்திருந்தனர். அவர் அரக்கோணத்திலேயே இறங்கி, ஜில்லா ஜில்லாவாகச் சென்று தொண்டர்களுக்கு வேலைத்திட்டத்தை எடுத்துக்கூறி, எடுத்த காரியம் முடிந்தபின் விருதுநகர் வீட்டுக்கு வந்து, தாம் வந்திருப்பதைப் போலீஸாருக்குத் தாமே தெரிவித்தார். 1945-இல்தான் விடுதலை கிடைத்தது.

இனி அவருடைய மந்திரி பதவிக் காலத்துக்கு வருவோம். 1952-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை கிட்டவில்லை. ராஜாஜி மந்திரிசபை அமைத்தார். 1953-இல் அவர் கொணர்ந்த ஆரம்பக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நாள் பள்ளியிலும் மீதி நாள் வீட்டுத் தொழிலிலும் பழக வேண்டும் என்றது. குலத்தொழிலை நிலைநாட்டும் திட்டம் என்று அதற்கு எதிர்ப்பு மூண்டது. ராஜாஜி விலகினார். கட்சித் தலைவர் தேர்தலில் ஸ்ரீ சி. சுப்பிரமணியத்தை வென்று காமராஜர் 1954 ஏப்ரல் 13-ஆம் தேதி முதல் மந்திரியானார். ஜாலியன்வாலா பாக் நிகழ்ந்ததும் ஓர் ஏப்ரல் 13; 1930-இல் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணிய யாத்திரை புறப்பட்டதும் ஓர் ஏப்ரல் 13.

தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவரை முன்மொழிந்து ஆதரித்த பக்தவத்சலத்தையும் மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார். மொத்தம் எட்டே மந்திரிகள். தாழ்த்தப்பட்ட வகுப்பினரான ஸ்ரீ பரமேசுவரனிடம் அறநிலையப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. கோயில் வாயிலைத் தாண்டவிடாது நெடுங்காலம் தடுக்கப்பட்ட மக்களுள் ஒருவர் கோயில்களை மேற்பார்க்கும் மந்திரியானார். இதற்காக அவர் மேடையேறி முழங்கியதில்லை. காரியம் நடந்தது, அவ்வளவே. பாதி நாள் கல்வித் திட்டமும் கைவிடப்பட்டது.

விருத்தாசலத்தையும் மங்கலம்பேட்டையையும் சேர்ந்த நேயர்கள் இம்மந்திரிசபையில் தங்களுக்குரிய பங்கையும் நினைவில் வைத்திருத்தல் தகும். பழைய தென்னார்க்காடு ஜில்லாவில் 1952-இல் காங்கிரஸை முறியடித்தது ஸ்ரீ எஸ். எஸ். ராமசாமிப் படையாட்சியின் உழைப்பாளர் கட்சி. சட்டசபையில் அக்கட்சிக்கு 19 ஸ்தானங்கள். உழுது பயிரிடும் மக்களின் குறைகளைக் காங்கிரஸ் செவிமடுக்கவில்லை என்னும் ஆற்றாமையிலிருந்து பிறந்த கட்சி அது. காமராஜர் படையாட்சியாரை மந்திரியாக்கினார். இதனை வெறும் எண்ணிக்கைச் சூழ்ச்சி என்று அன்று சிலர் ஏசினர். எண்ணிக்கையும் அதில் இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கும் மக்களை உள்ளே அழைத்து உட்காரவைப்பதும் ஜனநாயகத்தின் வேலைதானே?

நெய்வேலியின் கதையும் அக்காலத்ததே. அங்கே பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி இருப்பது முன்னரே தெரிந்திருந்தது. அதை வெட்டியெடுக்கப் பணமும் துணிவும் வேண்டியிருந்தன. காமராஜரின் மந்திரிசபை மத்திய சர்க்காரை விடாது நெருக்கிற்று. 1956-இல் கம்பெனி ஏற்பட்டது. 1957 மே மாதத்தில் நேரு வந்து வெட்டும் பணியைத் தொடங்கிவைத்தார். நிலக்கரியோடு கிடைத்த வெண்களிமண்ணே பின்னாளில் விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலுக்கு ஆதாரமாயிற்று. இன்று கிண்ணமும் பொம்மையும் மின்சாரப் பீங்கானும் செய்து பிழைக்கும் குடும்பங்கள் பல, தங்கள் சூளையின் நெருப்புக்குத் தொடக்கம் எங்கேயென்று எண்ணிப் பார்ப்பதில்லை. அதே நெய்வேலிக்காக வயலையும் வீட்டையும் விட்டு வெளியேறிய கிராமத்தாரும் உளர். அவர்களுடைய குறைகள் பல தலைமுறை கடந்தும் முற்றத் தீரவில்லை. நன்மையைப் பாடும்போது அதற்கு விலை கொடுத்தவர்களை மறப்பது நியாயமன்று.

அவருடைய ஆட்சியின் உயிர்நாடி பள்ளிக்கூடமே. ஊருக்கு ஊர் ஆரம்பப் பள்ளி. எட்டும் தூரத்தில் உயர்நிலைப் பள்ளி. படிப்படியாகப் பதினோராம் வகுப்பு வரையில் இலவசக் கல்வி. இவை அவருடைய ஒன்பதாண்டுகளில் உருப்பெற்றன. ஆடு மேய்க்கும் பையனைப் பள்ளிக்கு அழைத்தால் அவனுக்கு மத்தியான்னக் கஞ்சி யார் ஊற்றுவார் என்னும் கேள்வி எழுந்தது. 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் வந்தது. கல்வி இலாகா டைரக்டராயிருந்த ஸ்ரீ நெ. து. சுந்தரவடிவேலு அதற்கு வலக்கையாக நின்றார். தொடக்கத்தில் ஊரார் தந்த அரிசியும் பருப்பும் விறகுமே மூலதனம். சர்க்கார் பணம் பின்னர் சேர்ந்தது. முதல் மந்திரியே ஊர் ஊராகச் சென்று பள்ளிக்கூடத்துக்காகக் கையேந்தினார். பொக்கிஷத்தில் பணமில்லை என்று காரியாலயக் குறிப்புகள் கூறியபோதும், பிள்ளையின் வயிற்றுக்கு இல்லாத பணம் வேறு எதற்கு இருக்கிறது என்பதே அவர் நோக்கின் சாரம். பிற்காலத்தில் இத்திட்டம் விரிவடைந்து இந்தியா முழுவதும் பரவிற்று. 2006 முதல் அவருடைய பிறந்தநாளைத் தமிழக சர்க்கார் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடி வருகின்றனர்.

அணைகளையும் ஆலைகளையும் விரிக்கிற் பெருகும். கீழ்பவானி, வைகை, மணிமுத்தாறு, அமராவதி, சாத்தனூர், கிருஷ்ணகிரி ஆகிய அணைகள். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, திருச்சிக் கொதிகலன் ஆலை, கிண்டித் தொழிற்பேட்டை. இவற்றுள் சில மத்திய சர்க்காரின் பணத்தால் எழுந்தவை; சில முன்னரே திட்டமிடப்பட்டவை. எல்லாவற்றையும் ஒருவர் தலையிலேயே சூட்டுவது புகழ்ச்சியாகுமே ஒழிய சரித்திரமாகாது.

குறையே இல்லாத ஆட்சி என்றும் நாம் கூறமாட்டோம். மாகாணத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளோடு, காமராஜரின் சொந்த ஊராகிய விருதுநகரிலேயே, தியாகி சங்கரலிங்கனார் 1956-இல் உண்ணாவிரதம் இருந்தார். எழுபது நாட்களுக்கு மேல் பட்டினி கிடந்து அக்டோபரில் உயிர்நீத்தார். அவரும் காந்தியவாதியே, காங்கிரஸில் உழைத்தவரே. முதல் மந்திரி அக்கோரிக்கையை ஏற்கவில்லை. அது அவருடைய வாழ்க்கையில் ஆறாத வடு என்றே நாம் கருதுகிறோம். பெயர் மாற்றத்துக்கு 1967-இல் வேறொரு கட்சியின் ஆட்சி வர வேண்டியிருந்தது. 1969 ஜனவரியில்தான் அது நடைமுறைக்கு வந்தது. தேவிகுளம், பீர்மேடு விஷயத்திலும் அவருடைய மெத்தனத்தைக் குறைகூறியவர் பலர்.

சொந்த வாழ்வோ கண்ணாடி. மணம் செய்துகொள்ளவில்லை. முதல் மந்திரியான பின்னும் தாயாரைச் சென்னைக்கு அழைத்துவைத்துக்கொள்ளவில்லை. அம்மூதாட்டி விருதுநகரில் பழைய வீட்டிலேயே, மகன் மாதந்தோறும் அனுப்பிய சிறு தொகையைக் கொண்டு காலங்கழித்தாள். வீட்டுக்குள் நகரசபையார் இட்ட தண்ணீர்க் குழாயைத் தெரிந்தவுடன் அகற்றச் சொன்னார் என்பது தமிழ்நாடெங்கும் வழங்கும் செய்தி. மகனாக அவர் கடுமையாக நடந்துகொண்டார் என்று எண்ணுவோரும் இருக்கலாம். தாய்மார்களின் மனத்தை அறிந்த எவர்க்கும் அவ்வெண்ணம் தோன்றாமலிராது. ஆயினும் முதல் மந்திரியின் வீட்டுக்குள் ஒரு குழாய் நுழைந்தால் அதன்பின் எத்தனை பேர் நுழைவர் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1963 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று, முதல் மந்திரி பதவியைத் துறந்தார். மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்னும் அவருடைய யோசனையை நேரு ஏற்றார். காமராஜ் திட்டம் என்று பெயர்பெற்ற அதன்படி மத்திய மந்திரிகள் அறுவரும் மாகாண முதல் மந்திரிகள் அறுவரும் விலகினர். பதவியைப் பிடிக்கத் திட்டமிடுவோர் மலிந்த உலகில் பதவியை விடுவதற்கு ஒரு திட்டம் வகுத்தவர் அவர். 1964 ஜனவரியில் புவனேசுவரத்தில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு அவரே அக்கிராசனர். அவ்வாண்டு மே 27-இல் நேரு மறைந்தார். நேருவுக்குப்பின் யார் என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்த வேளையில், ஆங்கிலத்திலும் இந்தியிலும் சரளமாகப் பேச அறியாத ஒரு தமிழர், கட்சியாரை ஒவ்வொருவராகக் கண்டு அவர்களுடைய கருத்தைத் திரட்டி, சச்சரவின்றி லால் பகதூர் சாஸ்திரியைப் பிரதம மந்திரியாக்கினார். 1966 ஜனவரி 11-இல் சாஸ்திரி தாஷ்கண்டில் காலமானார். எட்டு நாட்களுக்குள் அடுத்த தேர்தல். 355 வாக்குகளுக்கு 169 என்னும் கணக்கில் மொரார்ஜி தேசாயைத் தோற்கடித்து இந்திரா காந்தி பிரதமரானார். இரண்டு முறையும் காமராஜரே அந்நாற்காலியில் அமரலாம் என்று வற்புறுத்தியவர் உண்டு. அவர் இணங்கவில்லை.

இதன்பின் வந்தவை சரிவின் ஆண்டுகள். 1965-ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் சிந்திய ரத்தமும், அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்து 1967-இல் தமிழ்நாட்டில் காங்கிரஸை வீழ்த்தின. விருதுநகரிலேயே காமராஜர் ஒரு மாணவர் தலைவரிடம் 1285 வாக்குகளில் தோற்றார். பள்ளிக்கூடம் கட்டியவரைப் பள்ளியில் படித்துத் தேறிய தலைமுறை தோற்கடித்தது! இதில் நன்றியின்மையை மட்டும் காண்போர் அவரைச் சரியாக அறியாதவர். ஜனங்களின் தீர்ப்பை அவர் ஒரு சொல்லும் ஏசாமல் ஏற்றார். முடிவு வந்த அன்றே வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கினார். 1969-இல் நாகர்கோவில் மக்கள் அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினர்.

அவ்வாண்டிலேயே காங்கிரஸ் பிளந்தது. ஜனாதிபதி தேர்தலில் கட்சி நிறுத்திய அபேட்சகர் சஞ்சீவ ரெட்டி. பிரதமர் ஆதரித்ததோ வி. வி. கிரியை. கிரி வென்றார், நவம்பரில் காங்கிரஸ் இரண்டாயிற்று. தாம் பிரதமராக்கியவரே தம்மைக் கட்சிக்கு வெளியே நிறுத்தியதைக் காமராஜர் கண்டார். 1975 ஜூன் 25-ஆம் தேதி இரவு நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. ஜயப்பிரகாசரும் மொரார்ஜியும் சிறைப்பட்டனர். சுதந்திரத்துக்காக 3000 நாட்கள் சிறையிலிருந்த முதியவருக்கு, சுதந்திர நாட்டில் தம் தோழர்கள் விசாரணையின்றிச் சிறைப்பட்டதைக் காண நேர்ந்தது. உடலும் உள்ளமும் தளர்ந்த நிலையில், மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 2-ஆம் தேதி, மறுபடியும் ஒரு காந்தி ஜயந்தியன்று, சென்னைத் திருமலைப்பிள்ளை வீதியில் உள்ள வாடகை வீட்டில் காலமானார். கிண்டியில் காந்தி மண்டபத்தை அடுத்து அவருடைய உடல் எரியூட்டப்பட்டது. சொத்தென்று எழுதிவைக்க ஒன்றுமில்லாததால் உயில் வழக்கும் எழவில்லை.

சில மாதங்களில் பாரத ரத்னம் வந்தது. அவ்விருதின் வரலாற்றையும் இங்கே சிறிது கூறவேண்டும். 1954 ஜனவரியில் அது ஏற்பட்டது. முதலாண்டில் பெற்ற மூவரும் தமிழகத்தோடு தொடர்புடையோர்: ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி. வி. ராமன். தொடக்கத்தில் மறைந்தவர்க்கு அளிக்க விதியில்லை. 1955-இல் விதி திருத்தப்பட்டது. அவ்வழியில் முதலில் பெற்றவர் 1966-இல் சாஸ்திரி, இரண்டாமவர் காமராஜர். பதக்கம் அரச இலை வடிவம், பணமுடிப்பு கிடையாது. பட்டங்களை ஒழித்த நமது அரசியல் சட்டத்தின் 18-ஆம் ஷரத்துக்கு இவ்விருதுகள் முரணாகுமா என்னும் கேள்வி சுப்ரீம் கோர்ட்டுக்கும் போயிற்று. இவை பட்டங்களல்ல, பெயருக்கு முன்னும் பின்னும் சேர்த்து எழுதலாகாது என்று 1995 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. ராவ் பகதூர்களையும் திவான் பகதூர்களையும் பார்த்துப் பார்த்துச் சலித்த தேசத்துக்கு அத்தீர்ப்பு தக்கதே.

ஆனால் 1976-இல் எழுந்த கேள்வி சட்டக் கேள்வியன்று. 1971-இல் இந்திரா காந்திக்கும், 1975-இல் கிரிக்கும், 1976-இல் காமராஜருக்கும் அவ்விருது கிடைத்தது. 1969-இல் பிளவின் இரு கரைகளில் நின்றவர்கள் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து அமர்ந்தனர். அளித்தது நெருக்கடி நிலை சர்க்கார். எதிர்த்துப் பேச உயிரோடில்லாதவருக்கு, எதிர்த்துப் பேசுவோரைப் பூட்டிவைத்த சர்க்கார் மாலை சூட்டினர். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் அவருடைய பழைய காங்கிரஸின் பெரும்பகுதி இந்திரா காங்கிரஸோடு இணைந்தது. அவர் உருவம் தாங்கிய தபால் தலையும் வெளிவந்தது. ஆகையால் விருது அரசியல் கணக்கில் பிறந்தது என்று சிலர் கூறினர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும் கணக்கில் பிறந்ததாலேயே ஒரு மரியாதை பொய்யாகிவிடாது என்பது நமது அபிப்பிராயம். கொடுத்தவர் மனத்தில் இருந்தது அவரோடு போயிற்று. பெற்றவரின் தகுதியோ எவர் மனத்தையும் சார்ந்ததன்று. 1977-இல் மொரார்ஜி சர்க்கார் இவ்விருதுகளையே நிறுத்தினர். 1980-இல் அவை மீண்டன. நிறுத்துவதற்கு முன் கடைசியாகப் பாரத ரத்னம் பெற்றவர் காமராஜரே. மீண்டபின் முதலிற் பெற்றவர் அன்னை தெரேசா. இருவருக்கும் நடுவே நிற்கும் இடைவெளியில் எந்தத் தகுதியற்றவரும் இல்லை என்பதே ஆறுதல்!

1998-இல் ஸ்ரீ சி. சுப்பிரமணியமும் அவ்விருதைப் பெற்றார். 1954-இல் ஒருவரையொருவர் எதிர்த்து நின்ற இருவரும் பாரத ரத்னங்களாயினர். சுப்பிரமணியத்தின் நூற்றாண்டுக்கும் 2010-இல் நாணயம் வெளிவந்தது. தோற்றவரை மந்திரிசபைக்கு வெளியே நிறுத்தியிருந்தால் பின்னாளில் உணவுப் பஞ்சத்தைத் தீர்க்கும் வேலை எவர் கையில் விழுந்திருக்குமோ?

நூறு ரூபாய் நாணயத்தைச் சேகரிப்போர் மெல்லிய காகிதத்தில் பொதிந்து பெட்டியில் பூட்டுகின்றனர். கைபட்டால் மெருகு குன்றும் என்பது அவர்களுடைய கவலை. ஐந்து ரூபாய் நாணயத்துக்கு அவ்வித உபசாரம் எதுவும் நேரவில்லை. அது விருத்தாசலம் பஸ் நிலையத்திலும், மங்கலம்பேட்டைக் கடைத்தெருவிலும், உளுந்தூர்ப்பேட்டைத் தேநீர்க் கடையிலும் பலர் கைபட்டுத் தேய்ந்தது. மேஜைமேல் அதைச் சுண்டிவிட்டுச் சில்லறை கேட்ட எத்தனையோ பேர் அதிலுள்ள முகம் யாருடையது என்று பார்த்ததில்லை.

பள்ளிப் பையன்கள் சிலர் பார்த்தனர்.